வேற்றுக்கிரக அறிவுடன் தொடர்பு: பயம் எங்கிருந்து வருகிறது, எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது?

வேற்றுக்கிரகவாசிகள் நம்மைத் தொடர்புகொண்டால் என்ன ஆகும் என்று கேட்டால், நகரத்தின் மேல் வந்து நிற்கும் ஒரு பெரிய கப்பலும் கீழே சிதறி ஓடும் கூட்டமும்தான் பலர் மனதில் முதலில் வரும். இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் மிகக் குறைந்த வாய்ப்புக் கொடுப்பது இந்தக் காட்சிக்குத்தான். ஆகவே பயப்படலாமா, சந்தோஷப்படலாமா என்ற விவாதத்துக்குள் நுழையும் முன், எந்த மாதிரித் தொடர்பைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒவ்வொன்றுக்கும் மனிதர்கள் வேறு வேறு விதமாகத்தான் எதிர்வினை காட்டியிருக்கிறார்கள்.

தொடர்பு என்றால் எது?

முதலில் தூரத்தைக் கவனியுங்கள். சூரியனுக்கு அடுத்த விண்மீனான பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. நொடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர் 1 விண்கலம் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 75,000 ஆண்டுகள் பிடிக்கும். அதே தூரத்தை ரேடியோ அலை நான்கே கால் ஆண்டில் கடந்துவிடும். ஒரு பொருளை அனுப்புவதைவிட ஒரு தகவலை அனுப்புவது எவ்வளவோ எளிது. நமக்குச் சரியாக இருக்கும் இந்தக் கணக்கு, இயற்பியல் ஒன்றே என்பதால், அவர்களுக்கும் சரியாகத்தான் இருக்கும்.

இந்த அடிப்படையில் பார்த்தால், நடக்க அதிக வாய்ப்புள்ளது உயிரின் தடயம் கிடைப்பதுதான். தொலைதூரக் கோள் ஒன்றின் வளிமண்டலத்தில் ஒரு வாயு, செவ்வாயின் பாறைக்குள் ஒரு நுண்ணுயிர்ப் படிவம், இப்படி ஏதாவது. அடுத்தது, "இது செயற்கையானது" என்பதை மட்டும் சொல்லும் சிக்னல். யாரோ ஒரு டிரான்ஸ்மிட்டரைக் கட்டியிருக்கிறார்கள் என்று தெரியும்; என்ன சொல்கிறார்கள் என்று தெரியாது. மூன்றாவது, படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய செய்தி. கடைசியில்தான் ஆளோ, ஆய்வுக் கலமோ நேரில் வந்து சேர்வது. மக்கள் மனதில் இருக்கும் பயத்தில் பெரும்பகுதி இந்தக் கடைசி வகையைப் பற்றியது. ஆனால் அடுத்த தலைமுறைக்குள் ஏதாவது நடந்தால் அது முதல் இரண்டு வகைகளில் ஒன்றாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

"முன்னேறிய நாகரிகம்" என்று ஏன் எப்போதும் சொல்கிறோம்? அதற்குக் காரணம் வயது. பூமிக்குச் சுமார் 450 கோடி வயது. நம் பால்வெளி மண்டலத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வயதான விண்மீன்கள் உண்டு. நாமோ ரேடியோவைப் பயன்படுத்தத் தொடங்கி நூற்றைம்பது ஆண்டுகூட ஆகவில்லை. நம்மைவிடச் சற்றே பின்தங்கியவர்களிடம் டிரான்ஸ்மிட்டரே இருக்காது, அவர்களை நாம் கேட்கவே முடியாது. சரியாக நம் நிலையிலேயே, நூறு ஆண்டு முன்பின்னாக ஒருவர் இருப்பதற்கான வாய்ப்பும் மிக மிகக் குறைவு. எனவே நம் காதில் விழுபவர் யாராக இருந்தாலும் அவர் நம்மைவிட ஆயிரக்கணக்கான, ஒருவேளை லட்சக்கணக்கான ஆண்டுகள் மூத்தவராகத்தான் இருப்பார். நம்பிக்கை வைப்பவர்களும் அஞ்சுபவர்களும் இந்த ஒரே புள்ளியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

ஒரு காலத்தில் இது சாதாரண விஷயம்

1900-இல் பிரெஞ்சு அறிவியல் அகாதெமி கூஸ்மான் பரிசு என்ற பெயரில் 1,00,000 பிராங்க் அறிவித்தது. வேறொரு கோளுடன் முதலில் தொடர்புகொண்டு பதில் பெறுபவருக்கு அந்தத் தொகை. ஒரே ஒரு விதிவிலக்கு: செவ்வாய் கணக்கில் வராது. அங்கே ஆட்கள் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்போல, அவர்களுடன் பேசுவது பரிசு கொடுக்கும் அளவுக்குக் கடினமில்லை என்று நினைத்தார்கள். 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைப் பார்த்ததாகச் சொன்னதும், பின்னர் அமெரிக்க வானியலாளர் பெர்சிவல் லோவெல் அவை அறிவுள்ளவர்கள் வெட்டிய கால்வாய்கள் என்று வாதாடியதும் அந்த நம்பிக்கையை வளர்த்திருந்தன.

1924 ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வந்தபோது அமெரிக்காவில் ஒவ்வொரு மணி நேரத்திலும் ஐந்து நிமிடம் ரேடியோ ஒலிபரப்பை நிறுத்தி வைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். ஏதாவது செய்தி வந்தால் அதைப் பிரித்துப் படிக்க ராணுவத்தின் சங்கேத நிபுணர் வில்லியம் ஃபிரீட்மன் தயாராக வைக்கப்பட்டிருந்தார். அந்தக் காலத்து மனநிலையில் ஆவல்தான் தூக்கலாகத் தெரிகிறது, பீதி இல்லை. வேற்றுக்கிரகவாசி என்றாலே மனிதர்கள் இயல்பாக நடுங்குவார்கள் என்று சொல்பவர்கள் இந்த வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை, அச்சம், ஐயம்

இன்று அறிஞர்களிடையே தெரியும் மனப்பான்மைகளில் முதலாவது நம்பிக்கை. 1960 ஏப்ரலில் அமெரிக்காவின் கிரீன் பேங்க் ஆய்வகத்தில் 26 மீட்டர் தொலைநோக்கியை டாவ் செட்டி, எப்சிலான் எரிடானி என்ற இரண்டு விண்மீன்களை நோக்கித் திருப்பி முதல் நவீனத் தேடலைத் தொடங்கிய ஃபிராங்க் டிரேக்கும், அவருக்குப் பின் இதைப் பரவலாக்கிய வானியலாளர் கார்ல் சேகனும் இந்தப் பக்கம். அவர்கள் வாதம் இது: அணு ஆயுதம், சூழல் சீரழிவு போன்ற ஆபத்துகளைத் தாண்டி லட்சம் ஆண்டு நிலைத்திருக்கும் ஒரு சமூகம், தன் வன்முறையை ஏதோ ஒரு வழியில் கட்டுப்படுத்தியிருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களின் இருப்பே, "இந்தக் கட்டத்தைத் தாண்ட முடியும்" என்பதற்கு நமக்குக் கிடைக்கும் சான்று.

அச்சத்தின் குரலாகப் பலருக்கும் தெரிந்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். கொலம்பஸ் அமெரிக்காவில் இறங்கியது அங்கிருந்த பூர்வகுடிகளுக்கு நல்லதாக முடியவில்லை என்று அவர் 2010-இல் நினைவூட்டினார். ஆனால் அதே ஹாக்கிங்தான் 2015-இல் பிரேக்த்ரூ லிசன் என்ற, பத்தாண்டுக்கு 10 கோடி டாலர் ஒதுக்கப்பட்ட மிகப் பெரிய தேடல் திட்டத்தின் தொடக்க விழாவில் மேடையேறி ஆதரவு தெரிவித்தார். இதில் முரண்பாடு இல்லை. கேட்பது வேறு, கூப்பிடுவது வேறு. ஒரு தொலைநோக்கியால் நாம் வானத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியப் போவதில்லை.

கொலம்பஸ் ஒப்பீட்டை அப்படியே ஏற்பதில் சிக்கல் உண்டு. அமெரிக்கப் பூர்வகுடிகளை அதிகம் கொன்றது பெரியம்மை முதலான தொற்றுகள். அவை பரவியது, வந்தவர்களும் இருந்தவர்களும் ஒரே உயிரினம் என்பதால். வந்தவர்களுக்கு வேண்டிய நிலம், தங்கம், உழைப்பு எல்லாம் சில வாரக் கப்பல் பயணத்தில் எட்டியது. விண்மீன்களுக்கிடையே இந்த நிபந்தனைகள் எதுவும் பொருந்தாது. தண்ணீரும் உலோகமும் வேண்டுமென்றால் வால்விண்மீன்களிலும் சிறுகோள்களிலும் கொட்டிக் கிடக்கின்றன. அதற்காக ஒரு கோளின் ஈர்ப்புக் குழிக்குள் இறங்கி ஏறுவது வீண் செலவு. ரேடியோ வழித் தொடர்புக்கு இன்னும் நெருக்கமான வரலாற்று உதாரணம், பழைய கிரேக்க நூல்கள் அரபு மொழி வழியாக இடைக்கால ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்ததுதான். எழுதியவர்கள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பிறகு, நேரில் சந்திக்காமலே, அந்த அறிவு ஒரு சமூகத்தின் சிந்தனையை மெல்ல மாற்றியது. வந்தவர் வெட்டினார், இருந்தவர் விழுந்தார் என்ற கதை அங்கே இல்லை. ஆனாலும் அஞ்சுபவர்களின் மைய வாதம் இதனால் செத்துவிடவில்லை. நம் அனுபவம் முழுவதும் மனிதர்களைப் பற்றியது. முற்றிலும் வேறான ஓர் அறிவின் நோக்கத்தை ஊகிக்க அது போதாது என்பதுதான் அந்த வாதம். அதற்கு நல்ல பதில் யாரிடமும் இல்லை.

மூன்றாவது மனப்பான்மை ஐயம். உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மேயர் 1990-களில் சேகனுடன் நடத்திய விவாதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பூமியில் தோன்றி மறைந்த கோடிக்கணக்கான உயிரினங்களில் ஒன்றே ஒன்றுதான் தொழில்நுட்பத்தை எட்டியது; ஆகவே உயிர் பரவலாக இருக்கலாம், ஆனால் பேசக்கூடிய அறிவு மிக அரிது என்பது அவர் நிலைப்பாடு. இயற்பியலாளர்கள் நம்பிக்கையோடும் உயிரியலாளர்கள் தயக்கத்தோடும் இந்தக் கேள்வியை அணுகும் போக்கு இன்றும் தெரிகிறது.

ஒரு சிக்னல் வந்தால் உண்மையில் நடப்பது

இதற்கு ஒத்திகை பார்த்ததுபோல ஒரு சம்பவம் 1997 ஜூனில் நடந்தது. வேற்றுக்கிரக அறிவைத் தேடும் அமெரிக்க அமைப்பான செட்டி (SETI) இன்ஸ்டிடியூட்டின் குழு கிரீன் பேங்கில் 43 மீட்டர் தொலைநோக்கியை ஒரு விண்மீனை நோக்கி வைத்திருந்தபோது, செயற்கையானது என்று சொல்லத்தக்க சிக்னல் பதிவானது.

இங்கே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு வேண்டும். விண்மீன்களும் வாயு மேகங்களும் ரேடியோ அலையை அகலமான அலைவரிசைப் பரப்பில் சிந்துகின்றன. ஒரு சில ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் எல்லா ஆற்றலும் குவிந்திருந்தால் அது டிரான்ஸ்மிட்டரின் வேலை; சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒற்றை விசில் கேட்பது மாதிரி. பிறகு எஞ்சும் கேள்வி, அந்த டிரான்ஸ்மிட்டர் யாருடையது என்பதுதான். அதைக் கண்டுபிடிக்க முதலில் தொலைநோக்கியை விண்மீனிலிருந்து விலக்குவார்கள். விலக்கினால் சிக்னல் மறைய வேண்டும், திருப்பினால் திரும்ப வர வேண்டும். நம் பக்கத்து மூலமாக இருந்தால், விலக்கினாலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவதாக, பூமி சுழல்வதால் வெளியிலிருந்து வரும் சிக்னலின் அலைவரிசை கொஞ்சம் கொஞ்சமாக நகர வேண்டும். நகராமல் ஒரே எண்ணில் நின்றால், அது பூமியோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று. மூன்றாவது, தொலைவில் உள்ள இன்னொரு தொலைநோக்கியும் அதையே கேட்க வேண்டும்.

1997 சிக்னல் முதல் சோதனையில் தேறியது: விலக்கினால் மறைந்தது. அலைவரிசை நகர்வும் இருந்தது. மூன்றாவது சோதனைக்காக வைத்திருந்த, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துத் தொலைநோக்கி அன்றைக்குப் பார்த்துப் பழுதாகிக் கிடந்தது. குழுவினர் பல மணி நேரம் நம்பிக்கையும் சந்தேகமுமாகக் காத்திருந்தார்கள். கடைசியில் அது பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்த சோஹோ விண்கலத்தின் சிக்னல் என்று தெரிந்தது. தொலைநோக்கி நோக்கிய திசையில் சோஹோ இல்லை. ஆன்டெனாவின் பக்கவாட்டு உணர்திறன் வழியாக அது உள்ளே நுழைந்திருந்தது. தொலைநோக்கியை நகர்த்தும்போது அந்தப் பக்கவாட்டு வழியும் நகர்ந்துவிடும், அதனால்தான் சிக்னலும் மறைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, குழப்பம் தீர்வதற்குள்ளேயே ஒரு பெரிய நாளிதழின் நிருபர் விஷயத்தைக் கேள்விப்பட்டு போன் செய்துவிட்டார் என்பது. அரசாங்கம் யாரும் வந்து கதவைப் பூட்டவில்லை, கணினிகளைப் பறிமுதல் செய்யவில்லை. "கண்டுபிடித்தால் மறைத்துவிடுவார்கள்" என்ற பரவலான நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கவே வேறு நாட்டுத் தொலைநோக்கிகளின் உதவி வேண்டும் என்னும்போது, ரகசியம் காப்பது நடைமுறையில் முடியாது. இதற்கு நேர்மாறான தொல்லைதான் அடிக்கடி வருகிறது: சோதனை முடியும் முன்னே செய்தி கசிந்துவிடுகிறது.

2019-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி பிராக்சிமா சென்டாரியின் திசையில் 982 மெகாஹெர்ட்ஸ் அருகே பதிவு செய்த சிக்னலும் அப்படித்தான். 2020 டிசம்பரில் செய்தி கசிந்தது, உலகெங்கும் தலைப்பானது. 2021 அக்டோபரில் வந்த விரிவான ஆய்வு, மனிதக் கருவிகளின் அலைவரிசைகள் ஒன்றோடொன்று கலந்து உண்டாக்கிய குறுக்கீடு என்று காட்டியது. பழைய பதிவுகளைத் துருவியபோது அதே சாயலில் பல சிக்னல்கள் வேறு அலைவரிசைகளில், தொலைநோக்கி வேறு பக்கம் திரும்பியிருந்த நேரங்களிலும் கிடைத்ததுதான் சாவியாக அமைந்தது. முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இந்த முடிவையும் படித்திருப்பார்கள் என்று யோசித்தால் வருத்தமாக இருக்கிறது.

சரிபார்த்த பிறகும் தெளிவு வராத சிக்னல்களும் உண்டு. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஒஹாயோவின் பிக் இயர் தொலைநோக்கி 72 நொடிகள் பதிவு செய்த "வாவ்" சிக்னல் அப்படிப்பட்டது. பலமுறை தேடியும் திரும்ப வரவில்லை. திரும்ப வராத ஒன்றை வைத்து எதையும் நிறுவ முடியாது.

செயற்கைச் சிக்னல் உறுதியானாலும், புரிந்துகொள்வது தனி வேலை. சிந்துவெளி எழுத்தும் கிரீட் தீவின் லீனியர் ஏ எழுத்தும் நம்மைப் போன்ற மனிதர்கள் எழுதியவைதான். இன்றுவரை எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வாசிப்பு இரண்டுக்கும் இல்லை. ஆகவே "அவர்கள் இருக்கிறார்கள்" என்ற அறிவிப்புக்கும் "அவர்கள் சொல்வது இது" என்ற அறிவிப்புக்கும் நடுவே பல பத்தாண்டுகள் ஓடிவிடலாம். அந்த இடைவெளியை வதந்தியும் போலி விளக்கமும் நிரப்பும் என்பது, என்னைக் கேட்டால், படையெடுப்பைவிடப் பெரிய கவலை.

நாமே கூப்பிடலாமா?

கேட்பது பற்றி அதிகச் சண்டை இல்லை. சண்டை வருவது அனுப்புவதில்.

1974 நவம்பர் 16 அன்று போர்ட்டோ ரிக்கோவின் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 என்ற விண்மீன் கொத்தை நோக்கி ஒரு செய்தி போனது. மூன்று நிமிடத்துக்கும் குறைவான அந்தச் செய்தியில் 1,679 துடிப்புகள். ஏன் அந்த எண்? 23, 73 என்ற இரண்டு பகா எண்களைப் பெருக்கினால் 1,679 வரும்; வேறு எப்படியும் அதைப் பிரிக்க முடியாது. பெறுபவர் அதை 23 பத்தி, 73 வரிசையாக அடுக்கினால் ஒரு படம் தெரியும்: ஒன்றிலிருந்து பத்து வரை எண்கள், நம் மரபணுவில் உள்ள தனிமங்கள், இரட்டைச் சுருள், ஒரு மனித உருவம், சூரியக் குடும்பம், கடைசியில் தொலைநோக்கி. எம்13 சுமார் 25,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. பதில் வந்தாலும் 50,000 ஆண்டு கழித்துத்தான் வரும். தொலைநோக்கியின் புதிய திறனைக் காட்டும் நிகழ்ச்சி என்ற அளவில்தான் அதைச் செய்தார்கள். அப்படியும் பிரிட்டனின் அரசு வானியலாளர் மார்ட்டின் ரைல் கடுமையாக எதிர்த்தார். நாம் இருக்கும் இடத்தை யாரோ அறிய வைப்பது ஆபத்து என்பது அவர் கருத்து.

அதற்குப் பிறகு அனுப்பிய செய்திகள் பக்கத்து விண்மீன்களுக்குப் போயின. 2008 அக்டோபரில் கிரீமியாவின் எவ்பட்டோரியாவில் உள்ள 70 மீட்டர் ஆன்டெனா, சுமார் 20 ஒளியாண்டு தொலைவில் உள்ள கிளீஸ் 581 விண்மீனுக்குச் செய்தி அனுப்பியது. 2029-இல் போய்ச் சேரும். 2017-இல் நார்வேயின் டிரோம்சோவிலிருந்து 12.4 ஒளியாண்டு தொலைவில் உள்ள லூய்டன் விண்மீனுக்கு இன்னொன்று போனது. அங்கே யாராவது இருந்து உடனே பதில் போட்டால் 2042 வாக்கில் நமக்குக் கிடைக்கும். இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருபதுகளிலோ முப்பதுகளின் தொடக்கத்திலோ இருக்கும்போது.

அனுப்பலாம் என்பவர்கள் சொல்லும் முதல் காரணம், நாம் ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டோம் என்பது. பூமியின் வளிமண்டலத்தில் 200 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஆக்சிஜன் இருக்கிறது. நல்ல தொலைநோக்கி உள்ள யாருக்கும் இங்கே உயிர் இருப்பது தெரிந்திருக்கும். ரேடியோவிலும் கசிந்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் இந்த இரண்டாவது வாதத்தை அளந்துதான் ஏற்க வேண்டும். எல்லாக் கசிவும் ஒன்றல்ல. 2025-இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, நம்மிடம் உள்ள கருவிகளையே அவர்கள் வைத்திருந்தால், அரெசிபோவின் கோள் ரேடார் போன்ற குவிந்த கற்றை சுமார் 12,000 ஒளியாண்டு தூரம் வரை கண்டுகொள்ளத்தக்கது. செல்போன் கோபுரங்களின் சிதறலோ நான்கு ஒளியாண்டு தூரத்திலேயே தேய்ந்துவிடும். ஆக, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளை அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற பேச்சில் சாரமில்லை. வேண்டுமென்றே, ஒரு திசையில், திரும்பத் திரும்ப அனுப்பும் செய்திதான் நம்மை உண்மையில் எடுத்துக்காட்டும்.

எதிர்ப்பவர்களின் வலுவான கேள்வி ஆபத்தைப் பற்றியதுகூட அல்ல, உரிமையைப் பற்றியது. எல்லோரையும் பாதிக்கக்கூடிய, திரும்பப் பெற முடியாத ஒரு செயலை, ஓர் ஆன்டெனாவை வாடகைக்கு எடுக்க முடிந்த ஒரு சிறு குழு தானாகத் தீர்மானிக்கலாமா? 2015-இல் பல விஞ்ஞானிகளும் தொழில்துறையினரும் கையெழுத்திட்ட அறிக்கை, உலக அளவில் விவாதம் நடக்கும் வரை அனுப்புவதை நிறுத்தி வைக்கச் சொன்னது. நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன். ஆபத்து சிறியதாக இருக்கலாம். ஆனால் யாரையும் கேட்காமல் எல்லோர் சார்பிலும் பேசுவது நியாயமாகப் படவில்லை.

விதிகள் இருக்கின்றனவா?

நுண்ணுயிர் வகைத் தொடர்புக்கு இருக்கின்றன. 1967-இன் விண்வெளி ஒப்பந்தம், பிற கோள்களையும் பூமியையும் தீங்கான கலப்பிலிருந்து காக்க வேண்டும் என்கிறது. அப்பல்லோ 11 வீரர்கள் நிலவிலிருந்து வந்ததும், நிலவில் இறங்கிய நாளிலிருந்து 21 நாள் முடியும் வரை தனிமையில் வைக்கப்பட்டார்கள். அறிவுள்ள உயிர்களின் சிக்னலுக்கு அப்படிக் கட்டுப்படுத்தும் சட்டம் எதுவும் இல்லை. சர்வதேச விண்வெளி அகாதெமி 1989-இல் ஏற்று 2010-இல் திருத்திய கொள்கை அறிக்கை மட்டும் உண்டு: முதலில் சரிபார், பிறகு மற்ற வானியலாளர்களுக்கும் ஐ.நா.வுக்கும் பொதுமக்களுக்கும் வெளிப்படையாகச் சொல், உலகளவில் கலந்துபேசாமல் பதில் அனுப்பாதே. மீறினால் தண்டனை கிடையாது. கையெழுத்திடாத ஒருவரை இது கட்டுப்படுத்தவும் செய்யாது. 2022-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில், கண்டுபிடிப்புக்குப் பிறகு என்ன செய்வது என்பதற்காகவே ஒரு மையம் தொடங்கினார்கள். மொழியியல், சட்டம், சமூகவியல் ஆட்களும் அதில் இருக்கிறார்கள்.

மக்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்வார்கள்?

1960-இல் நாசாவுக்காக புரூக்கிங்ஸ் நிறுவனம் தயாரித்த அறிக்கை இதை முதலில் தொட்டது. வேறு சமூகங்களைச் சந்தித்துச் சிதைந்துபோன சமூகங்கள் உண்டு, விலை கொடுத்தாலும் பிழைத்த சமூகங்களும் உண்டு என்று சொன்ன அந்த அறிக்கை, மக்களின் மனப்பான்மையைத் தொடர்ந்து ஆராயச் சொன்னது. அதில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது: நம்மைவிட மேலான அறிவைக் கண்டால் மிக அதிகமாக நொறுங்கிப் போகக்கூடியவர்கள் விஞ்ஞானிகளும் பொறியாளர்களுமாக இருக்கலாம். வாழ்நாள் முழுக்கத் தேடிய விடையை யாரோ பத்தாயிரம் ஆண்டுக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார்கள் என்றால், அந்த வலி புரிந்துகொள்ளக்கூடியதே.

பொதுமக்கள் பீதியடைவார்கள் என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று, 1938 அக்டோபரில் செவ்வாய்க்காரர்கள் படையெடுப்பதாக அமெரிக்காவில் ஒலிபரப்பான ரேடியோ நாடகம். பிற்கால ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தபோது, நாடகத்தைக் கேட்டவர்களே குறைவு, பயந்தவர்கள் அதிலும் குறைவு, நாளிதழ்கள்தான் ஊதிப் பெருக்கின என்று தெரிந்தது. 1996 ஆகஸ்டில் நாசா, ஏஎல்எச்84001 என்ற செவ்வாய் விண்கல்லில் நுண்ணுயிர்ப் படிவம்போல ஒன்று இருப்பதாக அறிவித்தது. அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனே தொலைக்காட்சியில் பேசினார். மக்கள் ஆர்வமாகப் பேசினார்கள், மறுநாள் வேலைக்குப் போனார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் வார்னம் குழு இப்படிப்பட்ட அறிவிப்புகளுக்கு வந்த எதிர்வினைகளில் உள்ள சொற்களை ஆராய்ந்தபோது, எதிர்மறை உணர்வைவிட நேர்மறை உணர்வே மேலோங்கியிருந்தது. ஆனால் இதெல்லாம் நுண்ணுயிர், தெளிவற்ற தடயம் ஆகியவற்றுக்கான எதிர்வினை. மூத்த அறிவு ஒன்று பேசுகிறது என்ற செய்திக்கும் இதே அமைதி இருக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

மதங்கள் ஆட்டம் காணும் என்றும் சொல்வார்கள். இறையியலாளர் டெட் பீட்டர்ஸ் பல மதங்களைச் சேர்ந்தவர்களும் மதமற்றவர்களுமாக 1,300-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார். தங்கள் நம்பிக்கை குலையாது என்றே பெரும்பாலான மத நம்பிக்கையாளர்கள் சொன்னார்கள். மதங்கள் குலைந்துபோகும் என்று அதிகம் எதிர்பார்த்தவர்கள் மதமற்றவர்கள். "எனக்கு ஒன்றும் ஆகாது, மற்றவர்கள்தான் தாங்க மாட்டார்கள்" என்ற இந்த எண்ணம் இந்தத் துறை முழுக்கத் தென்படுகிறது. மக்களிடமிருந்து செய்தியை மறைக்கலாம் என்ற யோசனை பிறப்பதும் இங்கிருந்துதான்.

அடுத்த அறிவிப்பைப் படிக்கும்போது

முதலில் எந்த வகைத் தொடர்பு என்று பாருங்கள்: வாயுவா, சிக்னலா, செய்தியா? பிறகு, எத்தனை கருவிகள் பார்த்தன, ஒரே ஒருமுறை பார்த்ததா, திரும்ப வந்ததா என்று தேடுங்கள். கண்டுபிடித்த குழுவைத் தவிர வேறு யாராவது அதே தரவிலிருந்து அதே முடிவுக்கு வந்தார்களா என்பது அதைவிட முக்கியம். 2025 ஏப்ரலில் 124 ஒளியாண்டு தொலைவில் உள்ள கே2-18பி கோளில், பூமியில் கடல் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் வாயு இருப்பதாகக் கேம்பிரிட்ஜின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது. அவர்களே சொன்ன உறுதி மூன்று சிக்மா, அதாவது தற்செயலாக அப்படித் தெரிவதற்கு ஆயிரத்தில் மூன்று வாய்ப்பு. அறிவியலில் கண்டுபிடிப்பு என்று ஏற்க ஐந்து சிக்மா கேட்பார்கள். அதே ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கித் தரவை எடுத்த வேறு குழுக்கள் அந்த வாயு இருப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றன. தலைப்பில் வராத இந்த எண்ணைத்தான் செய்திக்குள் தேட வேண்டும்.

சிக்னல் என்றால் ரியோ அளவுகோல் உதவும். 2000-இல் வானியலாளர்கள் ஈவான் ஆல்மாரும் ஜில் டார்ட்டரும் முன்வைத்து, 2018-இல் திருத்தப்பட்ட இந்த அளவு 0 முதல் 10 வரை போகும். உண்மையாக இருந்தால் எவ்வளவு முக்கியம் என்பதையும், உண்மையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும். எவ்வளவு பரபரப்பான செய்தியானாலும், நம்பகத்தன்மை பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் எண்ணும் பூஜ்யத்துக்கு அருகில்தான் நிற்கும். புதுத் தரவு வரவர எண்ணை ஏற்றி இறக்குவார்கள். முதல் நாள் எண் எவ்வளவு என்பதைவிட, ஆறு மாதம் கழித்து அது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதே பயனுள்ளது. இதுவரை வந்த சிக்னல்களில் விளக்கம் கிடைத்தவை எல்லாம் இறங்கித்தான் போயின.